பெரிய வீடு குரூப், ரிசல்ட் அன்னிக்கு

16 மே 2025

பெரியப்பா: (பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது) பத்தாம் வகுப்பு ரிசல்ட். சிவகங்கை 98.31, முதல் இடம். வேலூர் 85.44, கடைசி இடம்.

பெரியப்பா: போன வருசமும் நாமதான் கடைசி. 82.07. மானம் போவுது

குடியாத்தம் மாமா: 3 பாயிண்டுக்கு மேல ஏறிக்கீதே மச்சான்

பெரியப்பா: இன்னாத்த ஏறிக்கீது. ஸ்டேட்டு 93.80 மாப்ள

அம்மா: பாப்பா 431 எடுத்திருக்கா. அத யாரும் கேக்கல

சித்தி: அய்யோ சூப்பர்டி செல்லம்!! கணக்கு எவ்ளோ

நான்: 88 சித்தி. இங்கிலீஷ்தான் 79

ஆயா: 🎤 0:21

சித்தி: ஆயா சொல்றாங்க, கோயிலுக்குப் போயி ஒரு தேங்கா ஒடைச்சுட்டு வாங்கடி, அப்புறம் சண்ட போட்டுக்கலாம்னு

பெரியப்பா: பாப்பா நல்லாப் படிக்குது, அதான் சொல்றேன். ப்ளஸ் ஒன்னுக்கு அந்த கவர்மெண்ட் ஸ்கூல் வேணாம். பிரைவேட்ல போடுங்க. பாதி ஃபீஸ் நான் கட்றேன்

பெங்களூர் அண்ணன்: ஆமா சித்தி, பக்கத்துல ஒரு ஸ்கூல் நூறு பர்சென்ட்னு பேனர் கட்டிருக்காங்க, ஸ்டேட்டஸ்ல பாத்தேன்

அத்தை: நூறு எப்டி வருதுன்னு நான் சொல்லட்டுமாடா

அத்தை: ஒம்போதாவது முழுப்பரீட்சை முடிஞ்சதும் கணக்கு வராத பசங்களோட அப்பா அம்மாவக் கூப்ட்டு, "டிசி வாங்கிக்குங்க, இல்லன்னா ஃபெயிலுதான்"னு சொல்றாங்க. எல்லா ஸ்கூலும் இல்ல. ஆனா ஜூன் மாசம் அந்த டிசியத் தூக்கினு எங்க ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கறவங்கள நான்தான பாக்கறேன். நாங்க இல்லன்னு சொல்ல முடியாது, சேத்துக்கறோம். அடுத்த மே மாசம் அவங்களுக்கு 100, எங்களுக்கு 84

பெரியப்பா: நீ டீச்சர், அப்டித்தான் பேசுவ

அத்தை: அண்ணா என் கிளாஸ்ல இந்த வருசம் 38 பேர் எழுதினாங்க. 6 பேர் போச்சு. அந்த ஆறு பேரும் யார்னு கேளு

அத்தை: ஒருத்தன் எட்டாவது வரைக்கும் உருது மீடியம், எங்ககிட்ட வந்து தமிழ்ல எழுதினான். பாடம் தெரியும், கேள்வி புரியல. ஒரு பொண்ணு பீஞ்சமந்தை மலை, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. பொங்கலுக்கு ஊருக்குப் போனது மாசிலதான் திரும்பி வந்துச்சு. ரெண்டு பேரு நான் சொன்ன டிசி கேசு. ஒருத்திக்கு வீட்ல ஒடம்பு சரியில்ல

குடியாத்தம் மாமா: எங்க தெருவுல பாரு, பொண்ணுங்க ஸ்கூல் விட்டு வந்ததும் மொறத்த மடியில வெச்சிக்கும். அம்மா சுத்த சுத்த இது பீடி மொன மடக்கினே இருக்கும். ஆயிரம் எண்ணி முடிக்கற வரைக்கும் புக்கு எங்க தொறக்கறது

அத்தை: அதான். ஆறாவது பையன் கணக்குல 33

சித்தி: அய்யய்யோ ரெண்டு மார்க்கா

அத்தை: ரெண்டு மார்க்கு. சயின்ஸ்னா ப்ராக்டிகல் 25 கை குடுக்கும். கணக்குல நூறும் எழுதியே வாங்கணும். அவன் நேதாஜி மார்க்கெட்ல விடியக்காலம் மூணு மணிக்கு லோடு எறக்கறான். எட்டு வரைக்கும். நேரா ஸ்கூலுக்கு வருவான், சட்டைல தக்காளி வாசன. மொத பீரியடு கணக்கு. மூணாவது பெஞ்சுல செவுத்துல சாஞ்சா அவ்ளோதான், கண்ணு சொருகிடும். மொதல்ல எழுப்பிப் பாத்தேன். அப்புறம் எழுப்பல. இது தப்பா சரியான்னு எனக்கே தெரில

அத்தை: எமிஸ்னு ஸ்கூல் வெப்சைட்ல பசங்க விவரம் ஏத்தும்போது அப்பா தொழில்னு ஒரு கட்டம் வரும். கூலி கூலி கூலின்னு போட்டுனே போவேன். நடுவுல ரெண்டு ஆட்டோ, ஒரு டெய்லர். அவன் வர்றப்ப "அப்பா இல்ல மிஸ்"ன்னான். தொழில் கேக்கறாங்கன்னு நெனச்சி "நான்தான் போறேன்"னான்

பெங்களூர் அண்ணன்: 😔

பெரியப்பா: சரி அத விடு. நம்ம பாப்பா விசயத்துக்கு வா

அத்தை: வரேன். அண்ணி, பாப்பா ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்தான?

அம்மா: ஆமா, ஆறாவதுல இருந்தே

அத்தை: அப்ப ப்ளஸ் ஒன்னுக்கு பிரைவேட்டுக்குப் போனா 7.5 சதவீத இடஒதுக்கீடு போயிடும். ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட்ல படிச்சாத்தான் அது. மெடிக்கலுக்கு 2020ல வந்துச்சு, இன்ஜினியரிங்குக்கு 2021ல இருந்து உண்டு. அதுல சீட்டு கெடச்சா ஃபீஸும் கவர்மெண்ட்டே கட்டுது. காலேஜ் போனா புதுமைப் பெண் மாசம் 1000, அதுவும் போச்சு

பெரியப்பா: இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா

அத்தை: நீ எங்க சொல்ல விட்ட

குடியாத்தம் மாமா: 😂😂

அம்மா: எங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப்புக்கு பிசிக்ஸ் மிஸ் இருக்காங்களான்னுதான் எனக்குக் கவல. போன வருசம் மூணு மாசம் ஆளே இல்ல

அத்தை: அது நியாயமான கேள்வி அண்ணி. பர்சென்டேஜ் கேக்கறத விட இத கேளுங்க. எத்தன போஸ்ட்டு காலி, லேப்பு தொறக்கறாங்களா. எஸ்எம்சி, அதான் பள்ளி மேலாண்மைக் குழு, அந்த மீட்டிங்ல போயி கேளுங்க, பதில் சொல்லித்தான் ஆகணும்

நான்: எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேணாம்மா. காமர்ஸ்

அம்மா: இது எப்போல இருந்து

நான்: ஒம்போதாவதுல இருந்து

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஆயா: 🎤 0:09

சித்தி: ஆயா சிரிக்கறாங்க, வேற ஒன்னும் இல்ல

பெரியப்பா: அந்த 33 பையன் திருப்பி எழுதறானா

அத்தை: ஜூலையில துணைத்தேர்வு. பேர் குடுத்துடுவேன். சாயந்தரம் என் வீட்டுக்கு வரச் சொல்லிருக்கேன். ஆனா மூணு மணிக்கு எழுந்தவன் சாயந்தரம் இன்னா படிப்பான்

பெரியப்பா: மார்க்கெட்ல எந்த மண்டி

அத்தை: ஏண்ணா

பெரியப்பா: ரெண்டு மூணு மண்டிக்காரங்க எனக்குப் பழக்கம். ஜூலை வரைக்கும் காலைல வேணாம், மத்தியானம் சிட்ட எழுதற வேலைல போட்டுக்கோன்னு சொல்லிப் பாக்கறேன். கூலி கொறைக்காம

அத்தை: பையன் பேரெல்லாம் குரூப்ல போட மாட்டேன். போன் பண்றேன், எடு