எனக்கு கைராசி இல்லையா? மறுபடி விதை போடவே பயமா இருக்கு

தாம்பரம்_மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவை எழுதறேன், நீளமா போயிட்டா மன்னிச்சிடுங்க.

நாங்க தாம்பரத்துல வாடகை வீடு, ரெண்டாவது மாடி, மேல மொட்டை மாடி காலியா கிடந்துச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட தண்ணி கீழ ஒழுகாதுன்னு ஆயிரம் தடவை சொல்லி பர்மிஷன் வாங்கி சித்திரை மாசம் 10 குரோ பேக் (மண்ணு நிரப்பி செடி வெக்கற பை) வாங்கி வெச்சேன். தக்காளி, மிளகாய், கத்திரி, கொத்தமல்லி. மண்ணு உரம் விதை பூவாளின்னு எல்லாம் சேர்த்து 3000 ரூபா கிட்ட ஆயிடுச்சு. காலைல எழுந்ததும் காபி கூட குடிக்காம மேல போய் பார்ப்பேன், அவ்ளோ ஆசையா பண்ணேன்.

ஒண்ணு கூட மிஞ்சலை. கொத்தமல்லி முளைக்கவே இல்ல. மிளகாய் நாத்து மூணு இஞ்ச் வந்து அப்படியே அடியில மெலிஞ்சு படுத்துடுச்சு. கத்திரில வெள்ளையா பஞ்சு மாதிரி பூச்சி. தக்காளி மட்டும் முழங்கால் உயரம் வந்து பூவெல்லாம் வெச்சது, அது ஒண்ணாவது வரும்னு நம்பினேன், பூ எல்லாம் கொட்டி கடைசில செடியே வாடி போச்சு.

எங்க மாமியார் கிராமத்துல விவசாயம் பார்த்தவங்க. அவங்க திட்டல, ஆனா "சிலர் கைக்கு செடி வராதும்மா, கைராசின்னு ஒண்ணு இருக்கு"ன்னு சொன்னாங்க. அது மனசுல அப்படியே நின்னுடுச்சு. எதிர் மாடி ஆன்ட்டி வேற "என்னம்மா காய் வந்துச்சா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்க துணி காயப்போடற நேரத்துல நான் மேல போறதையே விட்டுட்டேன்.

இப்ப ஆடி வரப்போகுது, எல்லாரும் விதை விதைன்னு பேசறீங்க. எனக்கும் ஆசைதான். ஆனா விதை பாக்கெட்ட கையில எடுத்தாலே இதையும் சாகடிச்சிடுவேனோன்னு திரும்ப வெச்சிடறேன். பேக் எல்லாம் மாடி மூலைல காய்ஞ்ச குச்சியோட அப்படியே நிக்குது. உங்களுக்கெல்லாம் இந்த பயம் இருந்துச்சா, எப்படி தாண்டி வந்தீங்க?

கோவை_பந்தல்:

அம்மணி, பயத்த பத்தி அப்புறம் பேசலாமுங்க. மொதல்ல செடி ஏன் போச்சுன்னு பார்த்துரலாம், அது தெரியாம தைரியமா இருங்கன்னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்லீங்க. நாலு கேள்வி கேக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்துனீங்க? மண்ணுல என்னென்ன கலந்தீங்க? பேக் தரைல நேரா வெச்சீங்களா, அடியில செங்கல் ஏதாச்சும் குடுத்தீங்களா? கொத்தமல்லி விதைய ஒடைச்சு போட்டீங்களா முழுசாவா?

தாம்பரம்_மொட்டைமாடி:

காலைல ஒரு தடவை சாயந்தரம் ஒரு தடவை, வெயில் ஜாஸ்தியா இருந்தா மத்தியானமும் ஊத்துவேன், ஏன்னா மத்தியானம் பார்த்தா இலை எல்லாம் தொங்கி போயிருக்கும், பாவமா இருக்கும். மண்ணு பக்கத்துல வீடு கட்டற இடத்துலேருந்து எடுத்துட்டு வந்தது, அதோட கொஞ்சம் மண்புழு உரம். பேக் தரைலதான் வெச்சேன். கொத்தமல்லி முழுசாதான் போட்டேன், சமையலுக்கு வாங்கின தனியா.

கோவை_பந்தல்:

நெனச்சனுங்க. இதுல ஒண்ணு கூட உங்க கைராசி இல்லீங்க.

தக்காளிய எடுத்துக்குங்க. சித்திரை வைகாசில மெட்ராஸ்ல ராத்திரி கூட 26, 27 டிகிரிக்கு கீழ எறங்கறது கஷ்டம், பகல்ல 38, 40 போகும். அந்த சூட்டுல தக்காளி பூவுல மகரந்தம் வேலை செய்யாதுங்க, பூ பூக்கும், காய் பிடிக்காம கொட்டிரும். 20 வருஷமா தோட்டம் வெச்சிருக்கறவன் அதே மாசத்துல அதே மாடில வெச்சாலும் அப்படித்தான் கொட்டும். நீங்க கத்திரி வெயில்ல ஆரம்பிச்சீங்க, வருசத்துலயே கஷ்டமான பரிட்சைய மொத பரிட்சையா எழுதியிருக்கீங்க.

அப்புறம் வாடுனது. இது எல்லாரும் ஏமாறுற எடம். தண்ணி பத்தலீன்னாலும் இலை தொங்கும், தண்ணி அதிகமாகி வேர் அழுகுனாலும் இலை தொங்கும், பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். வேருக்கும் காத்து வேணுமுங்க, மண்ணுல இருக்கற சந்து பூரா தண்ணி நின்னுட்டா வேர் மூச்சு முட்டி அழுகிரும், அழுகுன வேர் தண்ணிய உறிஞ்சாது, அதனால செடி தண்ணிக்குள்ள நின்னுட்டே தாகத்துல வாடும். நாம பாவம்னு இன்னும் ஊத்துவோம். மத்தியான வெயில்ல இலை தொங்கி சாயந்தரம் தானா நிமிர்ந்துச்சுன்னா அதுக்கு ஒண்ணும் இல்லீங்க, செடி வெயில்லேருந்து தன்னை காப்பாத்திக்குது, அவ்வளவுதான். ஊத்தறதுக்கு முன்னாடி ஆள்காட்டி விரல ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுல விடுங்க, உள்ள ஈரம் தட்டுச்சுன்னா அன்னிக்கு விட்டுருங்க. இந்த ஒரு பழக்கம் வந்தா பாதி செடி பொழைக்கும்.

மிளகாய் படுத்ததுக்கு பேரு நாற்றழுகல், ஈரம் அதிகமா நின்னா வர்ற பூஞ்சை. அடுத்த தடவை விதைக்கும்போதே சூடோமோனாஸ் (பூஞ்சைய அடக்கற நல்ல பாக்டீரியா பொடி) ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் கலந்து மண்ணுல ஊத்திருங்க. வெள்ளப் பஞ்சு மாவுப்பூச்சி, ஆரம்பத்துலயே பார்த்தீங்கன்னா பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு தண்ணிய வேகமா அடிச்சா போயிரும், மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்பு கரைசல் விட்டு சாயந்தரமா அடிங்க. வெயில்ல அடிச்சா இலை கருகும்.

மண்ணு விஷயத்துக்கு ஒரே வரி: செம்மண், நார்க்கழிவு (தேங்காய் நார்த்தூள்), மக்குன தொழுவுரம் மூணும் சம பங்கு. கட்டட வேலை நடக்கற எடத்து மண்ணுல சிமெண்ட் சுண்ணாம்பெல்லாம் கலந்திருக்கும், அது வேண்டாமுங்க.

விதைக்கடை_ராத்திரி_ஷிப்ட்:

நான் ஒரு விதைக்கடைல வேலை பார்க்கறேன். சகோதரி கேட்டதுல எனக்கு மனசுல பட்டது வேற விஷயம்.

சான்று பெற்ற விதை மூட்டைல நீலக் கலர்ல ஒரு அட்டை தொங்கும், பார்த்திருக்கீங்களா? அந்த சான்று குடுக்கறதுக்கு குறைந்தபட்ச முளைப்புத்திறன்னு கவர்மெண்டே ஒரு அளவு வெச்சிருக்கு. தக்காளிக்கும் கத்திரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அப்படின்னா 100 மிளகாய் விதைல 40 முளைக்கலைன்னாலும் அது நல்ல விதைதான், சான்று குடுத்து விப்பாங்க. லேப்ல, சரியான ஈரம் சரியான சூட்டுல வெச்சு பார்த்தே இந்த கணக்கு. நம்ம மொட்டை மாடில 10 விதை போட்டு அஞ்சு வந்தா அது தோல்வியே கிடையாது, ஆனா புதுசா வர்றவங்க முளைக்காத அஞ்ச பார்த்து அழறாங்க. கடைக்கு வந்து என்கிட்டயே அழுதிருக்காங்க.

அந்த நீல அட்டைக்கும் டெஸ்ட் பண்ண நாள்லேருந்து 9 மாசம்தான் ஆயுசு. சின்ன பாக்கெட் வாங்கினாலும் பின்னாடி தேதி பார்த்து வாங்குங்க. வீட்ல பழைய விதை இருந்தா தூக்கி போடாதீங்க, ஈரத்துணில 10 விதைய மடிச்சு ஒரு டப்பால வெச்சு ஒரு வாரம் கழிச்சு பிரிச்சு எண்ணுங்க (மிளகாய்னா 10 நாளாவது விடுங்க). நாலு முளைச்சிருந்தா அதுக்கு தகுந்த மாதிரி கூட போடலாம், ஒண்ணுமே முளைக்கலைன்னா விதை செத்த விதை, உங்க தப்பு இல்லன்னு மண்ணுல போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

தனியாவ முழுசா போட்டா லேட்டாகும். ஒரு தனியாக்குள்ள ரெண்டு விதை இருக்கு, உள்ளங்கைல வெச்சு தேய்ச்சு ரெண்டா பிரிச்சு போடணும், அப்பவும் முளைக்க 8லேருந்து 15 நாள் ஆகும். அதுவும் கடும் வெயில்ல சரியா வராது, ஐப்பசி கார்த்திகைக்கு மேல போடுங்க.

மேலூர்_பொண்ணு:

அக்கா, நீங்க முதல்ல கீரைல ஆரம்பிங்க. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை எதுனாலும். விதைய ஒரு கைப்பிடி மணலோட கலந்து தூவி லேசா மண்ணு மூடுனா போதும், மூணு நாலு நாள்ல பச்சை தெரியும், 25 நாள்ல சிறுகீரை பறிச்சு பொரியல் பண்ணிரலாம். எறும்பு விதைய தூக்கிட்டு போகும், அதனால சுத்தி கொஞ்சம் அரிசி மாவு போட்டு விடுங்க, அது மாவ எடுத்துட்டு போயிரும். ஒரு தடவை உங்க கையால வெச்சத சோறோட சாப்பிட்டீங்கன்னா அப்புறம் பயம் பாதியா குறைஞ்சிரும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

நாகர்கோவில்_முற்றம்:

மேலூர் தங்கச்சி சொல்றது நல்ல யோசனைதான், ஆனா எனக்கு அதுல முழுசா ஒப்புதல் இல்ல. இவங்களுக்கு தக்காளி மேல ஆசை, காபி குடிக்காம போய் பார்த்த செடி அது. கீரை ஜெயிச்சாலும் "கீரை யாருக்கும் வரும்"னு மனசு சொல்லிடும், தக்காளி பயம் அப்படியே உள்ள இருக்கும். என் அபிப்பிராயம், ரெண்டு பேக்ல கீரை போடுங்க, கூடவே ஒரே ஒரு பேக்ல தக்காளியும் வைங்க. பி.கே.எம் 1னு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில வெளியிட்ட ரகம் இருக்கு, கேட்டு வாங்குங்க. விதைய குழித்தட்டுல போட்டு 25 நாள் நாத்தா வளர்த்து அப்புறம் பேக்குக்கு மாத்துங்க. 10 பேக்கையும் மறுபடி நிரப்ப வேண்டாம், மூணே மூணு போதும். 10 வெச்சா எதுக்கு என்ன ஆச்சுன்னு கவனிக்கவே முடியாது, எல்லாம் சேர்ந்து செத்தா மொத்தமா நாம தோத்த மாதிரி தெரியும்.

இப்ப கைராசிக்கு வர்றேன். அத படிச்சதும் எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. எங்க அம்மா வயல்ல வேலை செஞ்சவங்க, அவங்க நாத்து வளர்க்கும்போது எப்பவும் தேவைக்கு கூடத்தான் வளர்ப்பாங்க. நட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வரிசை வரிசையா போய் செத்த இடத்துல புது நாத்து வெப்பாங்க. இதுக்கு விவசாய ஆபீஸ் புஸ்தகத்துலயே பேரு இருக்கு, பாடுவாசி நிரப்புறதுன்னு சொல்லுவாங்க, நட்டு எத்தனையாவது நாள் செய்யணும்னு கூட போட்டிருக்கும். உரம் போடற மாதிரி, களை எடுக்கற மாதிரி, செத்ததுக்கு பதில் வெக்கறதும் விவசாயத்துல ஒரு வேலை. செடி சாகறத கணக்குல வெச்சுதான் அவங்க ஆரம்பிக்கறதே. நாமதான் 10 விதை வாங்கி 10 செடி 10 பேக்னு கணக்கு போட்டு உக்காந்திருக்கோம்.

உங்க மாமியாரும் விவசாயம் பண்ணவங்கதானே, அவங்ககிட்ட "அத்தை, உங்க காலத்துல நாத்து எவ்வளவு சாகும், என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டு பாருங்க. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டாங்க, ஆறுதலுக்குத்தான் கைராசின்னு சொல்லியிருப்பாங்கன்னு எனக்கு தோணுது. கூட கூட்டிட்டு மாடிக்கு போங்க, படி ஏற முடிஞ்சா. எதிர் மாடி ஆன்ட்டிகிட்டயும் ஒளிய வேண்டாம், "எல்லாம் போயிடுச்சு ஆன்ட்டி, ஆடில மறுபடி போடறேன்"னு நீங்களே சொல்லிடுங்க. நான் அப்படி சொன்ன அன்னிக்குதான் எங்க பக்கத்து வீட்டம்மா தன் வீட்டு புதினா தண்டு நாலு ஒடிச்சு குடுத்தாங்க, அது இன்னும் எங்க முற்றத்துல இருக்கு.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, என்ன விதைச்சீங்க, என்னிக்கு முளைச்சது, என்னிக்கு செத்தது, அப்ப மண்ணு எப்படி இருந்தது. நாலு வரி போதும். எனக்கு மூணு வெண்டை செத்தப்ப ரொம்ப நொந்து போயிட்டேன், நோட்ட திருப்பி பார்த்தா மூணும் செத்தது நாங்க கல்யாணத்துக்கு போய் நாலு நாள் பூட்டி கிடந்த வாரம். அத பார்த்ததும் என் மேல இருந்த கோபமெல்லாம் போயிடுச்சு.

தாம்பரம்_மொட்டைமாடி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நாளா திரும்ப திரும்ப படிச்சேன்.

இன்னிக்கு காலைல மாமியாரையும் கூட்டிட்டு மேல போனேன். அந்த தக்காளி குச்சிய புடுங்கி பார்த்தோம், வேர் பழுப்பா கொழகொழன்னு இருந்துச்சு, கையில தேய்ச்சா மேல் தோல் உருவிட்டு வருது, சாக்கடை வாடை. பேக்க தூக்கி பார்த்தா அடியில இருக்கற ஓட்டை எல்லாம் களிமண்ணு அப்பி தரையோட ஒட்டி அடைஞ்சு கிடக்கு. இவ்ளோ நாளா நான் ஒரு வாளித் தண்ணிக்குள்ள செடிய நட்டு வெச்சிருந்த மாதிரி ஆயிருக்கு. மாமியாரே பார்த்துட்டு "ஓட்டை அடைஞ்சா எந்த மகராசி வெச்சாலும் அழுகத்தான் செய்யும்"னு சொன்னாங்க. நாத்து பத்தி கேட்டேன், கத்திரி நட்டா காவாசி போயிடும், அதுக்குன்னே ஓரத்துல தனியா கொஞ்சம் விட்டு வெப்போம்னு சாதாரணமா சொல்றாங்க! இத ஏன் முன்னாடியே கேக்கலன்னு இருக்கு.

மூணு பேக்தான் போடப்போறேன். ரெண்டு சிறுகீரை, ஒண்ணு தக்காளி. நோட்டும் வாங்கிட்டேன். ஒரே சந்தேகம், பேக்ல இருக்கற பழைய மண்ணு எல்லாத்தையும் தூக்கி போட்டுடணுமா? அத மூணு மாடி சுமந்து ஏத்தினது எனக்குத்தான் தெரியும்.

கோவை_பந்தல்:

கட்டட மண்ணு வேண்டாமுன்னுதான் சொன்னனுங்க, ஆனா ஏத்துனத சுத்தம் பண்ணி கம்மியா கலந்துக்கலாம், தூக்கி போடாதீங்க அம்மணி. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு. ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு எல்லாத்தையும் கொட்டி பழைய வேர், சிமெண்ட் கட்டி எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு நாலஞ்சு நாள் நல்லா வெயில்ல காய விடுங்க, தெனமும் ஒருக்கா கிளறி விடுங்க. அப்புறம் அதுல ஒரு பங்கு எடுத்து, கழுவுன நார்க்கழிவு ரெண்டு பங்கு (ஊற வெச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்தி உப்பு போக புழிஞ்சிருங்க), தொழுவுரம் ஒரு பங்கு, பேக்குக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து ஈரம் தெளிச்சு ஒரு வாரம் மூடி வெச்சுட்டு அப்புறம் விதைங்க. பேக் அடியில நாலு மூலைக்கும் உடைஞ்ச ஓடு, செங்கல் துண்டு ஏதாச்சும் வெச்சு தரைய விட்டு தூக்கி விட்டுருங்க, ஹவுஸ் ஓனருக்கும் தளம் காஞ்சு கிடக்கும். ஐப்பசி மழை புடிச்சுச்சுன்னா தக்காளி பேக்க மட்டும் மழை நேரா அடிக்காத பக்கம் நகர்த்துங்க.

முளைச்சதும் எத்தனைல எத்தனைன்னு எண்ணி இங்க போடுங்க.