கிராமத்தில் இருந்துகொண்டு மனச்சோர்வுக்கு இணையவழியில் சிகிச்சை பெறலாமா?

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன், பள்ளி ஆசிரியை. பொங்கல் கழிந்ததிலிருந்தே விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பாடம் நடத்துவதில் இருந்த பிடிப்பு போய்விட்டது. நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. கணவரோ இது வெறும் அசதி என்றும், ஆலங்குடி குருபகவானைத் தரிசித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், எங்கள் ஊர்க்காரர் யாராவது அங்கே இல்லாத நாளே இல்லை. மனநலப் பிரிவின் வரிசையில் என்னைப் பார்த்தால் மாலைக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிடும். அதனால்தான் இணையவழி ஆலோசனையைப் பற்றி யோசிக்கிறேன். அது உண்மையிலேயே பலன் தருமா? பேசுகிறவர் தகுதியானவர்தானா என்று எப்படி அறிவது? தமிழில் பேச முடியுமா?

குடந்தைவாசி:
சகோதரி, பலன் தரும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு ஏறத்தாழ உங்களைப் போலவே இருந்தேன். முதலில் ஒரு செயலியில் பணம் கட்டினேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு, சென்னையில் உள்ள ஒரு மருத்துவ உளவியலாளரிடம் (மருந்து தராமல் பேச்சின் வழியே சிகிச்சை தருபவர்) வாரம் ஒருமுறை காணொளியில் பேசத் தொடங்கினேன். முழுவதும் தமிழில்தான்.

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் ஒரு நாளை மணிவாரியாக எழுதச் சொன்னார். அதில் நான் கைவிட்டிருந்த சிறு வேலைகளில் ஒன்றை, விருப்பம் வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் செய்யச் சொன்னார். எனக்கு அது மாலையில் அரசலாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வருவது. பிறகுதான் ‘எல்லாம் என்னால்தான்’ என்ற எண்ணத்தை எடுத்துவைத்து, அதற்கு என்ன ஆதாரம் என்று இருவரும் பார்த்தோம். முதல் சில வாரங்களில் மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூடம் மட்டுமே உள்ள வீட்டில் பேசுவதுதான் பெரிய சிக்கல். நான் தோழியின் வீட்டு அறையைப் பயன்படுத்தினேன். படம் உறைந்து நின்றால் காணொளியை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் தொடர்ந்தோம். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மனநலச் சமூகப் பணியாளர், தஞ்சாவூர்:
தகுதியைப் பற்றிய கேள்விதான் முக்கியமானது. சில வாரப் பயிற்சி மட்டும் பெற்றவர்களும் ஆலோசகர் என்று பணியாற்றுகிறார்கள். மனநல மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணும், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்கும். தயங்காமல் கேளுங்கள், தகுதியுள்ளவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இணையவழியில் மருந்து எழுதித் தரும் மருத்துவர் அந்தச் சீட்டில் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வையும் ஆர்வமின்மையையும் உண்டாக்கும். நம் பகுதிப் பெண்களிடம் இரத்தசோகையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். மன்னார்குடி அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள நீங்கள் மனநலப் பிரிவின் பக்கமே போக வேண்டியதில்லை.

பணம் கட்டுவதற்கு முன் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையென்றால் மனநல மருத்துவருக்கு இணைப்பு தருவார்கள், நேரில் பார்க்க வேண்டிய இடத்தையும் சொல்வார்கள்.

இலேசான, நடுத்தர மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாக அமையலாம். இணையவழியில் அளித்தாலும் அது நேரில் அளிப்பதற்கு ஏறத்தாழ ஈடானது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரை தேவைப்பட்டால், அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். பத்தாம் நாளில் பயனில்லை என்றும், இரண்டாம் மாதத்தில் சரியாகிவிட்டது என்றும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரும் கவலை. உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, உணவே இறங்காமல் போனாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, இணையவழிக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே நேரில் வந்துவிட வேண்டும்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:
தங்கைக்கு வணக்கம். உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். என் மனைவி சொன்னபோது எனக்கும் அது நோய் என்று படவில்லை. மருத்துவர் என்னையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் விளக்கிய பிறகுதான் புரிந்தது. உங்கள் மருத்துவரிடமும் ஒருமுறை கணவரோடு பேசச் சொல்லுங்கள். வீட்டார் சொல்லி ஏறாதது வெளியாள் சொல்லி ஏறும். கோயிலுக்கும் போய் வாருங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணமாக வேண்டாம்.

எங்களிடம் மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, பூச்சிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. அன்றே வீட்டிலிருந்து எடுத்து மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். சாவி அண்ணனிடம் இருக்கிறது. விவசாயக் குடும்பங்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும், வீட்டில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாத காலத்திலும் கூட.

வெண்ணாற்றங்கரை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை இரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். 14416 எண்ணையும் அழைக்கிறேன். இன்னும் ஒன்று: சிகிச்சை பெறுவதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டுமா?

மனநலச் சமூகப் பணியாளர், தஞ்சாவூர்:
நீங்களாக விரும்பினால் ஒழியச் சொல்ல வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் நோய், சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் சூழல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை தருகிறவர் அதை வெளியிடக் கூடாது. இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையவழியில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.