ஸ்காட்லாந்தின் கீழ்ப்பிரிவுக் கால்பந்து வீரர் ஒருவரின் ஆட்டப் பதிவை எப்படி வாசிப்பது?

நடுக்களம் (வினா):

ஸ்காட்லாந்துக் கால்பந்தின் மூன்றாம், நான்காம் நிலைகளான லீக் ஒன், லீக் டூ பிரிவுகளில் ஆடும் வீரர்களின் ஆட்டப் பதிவுகளைச் சில காலமாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரியான சித்திரம்தான் கிடைக்கிறது. பெரிய கழகம் ஒன்றின் இளையோர் அணியில் தொடக்கம், இருபது வயதை எட்டும் முன்னரோ எட்டியவுடனோ விடுவிப்பு, அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் எட்டு ஒன்பது கழகங்கள். ஃபோர்ஃபார், மான்ட்ரோஸ், ஸ்டென்ஹவுஸ்முயர், பிறகு மறுபடியும் ஃபோர்ஃபார் என்று பட்டியல் நீள்கிறது. எந்தக் கழகமும் ஓராண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள விரும்பாத வீரர் என்று இதைப் புரிந்துகொள்வதா? மாறாக, ஒரே சிறு கழகத்தில் எட்டு ஒன்பது ஆண்டுகள் இருந்தவரை, மேலிருந்து அழைப்பே வராதவர் என்று கொள்வதா? எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியவில்லை.

கோல்கம்பம்:

முதலில் அமைப்பைப் பார்க்க வேண்டும். 2013 முதல் எஸ்பிஎஃப்எல் (ஸ்காட்டிஷ் தொழில்முறைக் கால்பந்து லீக்) என்ற ஒரே அமைப்பின் கீழ் நான்கு பிரிவுகளில் 42 கழகங்கள் ஆடுகின்றன. மேல்பிரிவில் 12, மற்ற மூன்றிலும் பத்துப் பத்து. பத்துக் கழகங்கள் ஒன்றையொன்று ஒரு பருவத்தில் நான்கு முறை சந்திப்பதால் வழக்கமாக 36 ஆட்டங்கள். ஆகவே லீக் டூவில் ஒரு முன்கள வீரர் இரண்டு பருவங்கள் தொடர்ந்து ஆடினால், எதிரணி மேலாளர் ஒவ்வொருவரும் அவரை எட்டு முறை நேரில் பார்த்திருப்பார். அவருடைய இடதுகால் எப்படி, எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு ஓட்டம் எப்படி என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் தொலைபேசி அங்கிருந்துதான் வரும். உங்கள் பட்டியலில் ஒரே கழகம் இரண்டு முறை வருவதும் இதனால்தான்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு என்பதற்குக் காரணம் வீரரின் தரமன்று, கழகத்தின் நிலையின்மை. சில நூறு பேர் வந்து பார்க்கும் ஆட்டங்களின் வருவாயில் நடக்கும் கழகத்துக்கு, அடுத்த பருவம் எந்தப் பிரிவில் என்பதே மே மாதம் வரை தெரியாமல் போகலாம். லீக் டூவில் கடைசி இடம் பிடிக்கும் கழகம், அதற்கு அடுத்த கீழ்நிலையிலுள்ள ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக் வெற்றியாளர்கள் இருவரில் மேம்பட்டவரோடு பிளே-ஆஃப் (தகுதியைத் தீர்மானிக்கும் ஆட்டம்) ஆடித்தான் தப்பிக்க வேண்டும். 2016இல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயரும், 2019இல் பெரிக் ரேஞ்சர்ஸும், 2021இல் பிரெக்கின் சிட்டியும், 2022இல் கௌடன்பீத்தும், 2023இல் அல்பியன் ரோவர்ஸும் அவ்வாறு தோற்று வெளியேறின. இந்த நிலையில் இருக்கும் நிர்வாகம் எந்த வீரருக்கு மூன்றாண்டு எழுதிக் கொடுக்கும்?

சனி மூன்று மணி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பதிவில் இல்லாத ஒன்று அதைவிட முக்கியமானது. அது வீரரின் இன்னொரு வேலை. லீக் டூவில் ஏறக்குறைய எல்லாரும், லீக் ஒன்னில் பலரும் பகுதிநேர வீரர்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், இடைப்பட்ட நேரமெல்லாம் வேறு தொழில். கழகங்கள் உள்ள ஊர்களான வடக்கே எல்ஜினுக்கும் தென்மேற்கே ஸ்ட்ரன்ராருக்கும் இடையே சாலை வழியாக 400 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதை வரைபடத்தில் பாருங்கள். குளிர்காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் ஆடி, நள்ளிரவில் வீடு திரும்பி, திங்கள் காலை ஏழு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். குழந்தை பிறந்தாலோ வேலைநேரம் மாறினாலோ வீட்டுக்கு அருகிலுள்ள கழகத்துக்கு மாறுவார்கள். பதிவில் அது பிரிவு இறக்கமாகத் தெரியும். வாழ்க்கையில் அது இரவு உணவுக்கு வீட்டில் இருப்பது.

ஒரே கழகத்தில் தங்கியவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பீட்டர்ஹெட் கழகத்துக்காக 200க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த ரோரி மெக்காலிஸ்டர் ஒரு பிளம்பர். நல்ல கைத்தொழிலின் வருமானமும் பகுதிநேர ஆட்டத்தின் வருமானமும் சேர்ந்தால், நடுத்தரக் கழகம் ஒன்றின் முழுநேரச் சம்பளத்தைத் தாண்டிவிடக்கூடும். அதிலும் முழுநேரச் சம்பளம் ஒரு முழங்கால் காயத்தோடு நின்றுபோகலாம். ஆர்ப்ரோத்தின் பக்கவாட்டு வீரர் பாபி லின் டண்டீயில் குப்பை அள்ளும் வண்டியில் வேலை பார்த்தவர். வடகடல் அலை மதிலைத் தாண்டித் தெறிக்கும் கேஃபீல்ட் மைதானத்தில், கோல்கீப்பர் உதைத்த பந்து காற்றில் அவரிடமே திரும்பி வரும் நாள்களில்கூட ஆடிப் பழகிய அந்தப் பகுதிநேர அணிதான், 2021-22 பருவத்தில் டிக் கேம்ப்பெல்லின் மேலாண்மையில் முழுநேரக் கழகங்களுக்கிடையே இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் பிரிவில் கில்மார்னக்குக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது.

கிரெட்னா கழகத்தின் முன்கள வீரர் கென்னி டியூகர் மருத்துவர். 2004-05இல் அவர் அடித்த ஆறு ஹாட்ரிக்குகளைப் பதிவில் காணலாம். அவர் மருத்துவராகவும் இருந்தார் என்பதைக் காண முடியாது. கிரெட்னா 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிவரை போய் ஹார்ட்ஸிடம் பெனால்டிகளில் தோற்று, 2008இல் கழகமே இல்லாமல் போனது. பிழைப்பு முழுவதையும் அதை நம்பியிருந்த வீரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வடகடல்:

இதைக் கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் கணக்குப் போட்டுத்தான் கீழே தங்கினார்கள் என்பது உண்மையன்று. ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் 2000களின் தொடக்கத்தில் வீரர்களுக்கு வாரத்துக்கு 10 பவுண்டு கொடுத்த கழகம். அது யாருடைய விருப்பத் தேர்வாகவும் இருந்திருக்க முடியாது. கீழ்ப்பிரிவுகளின் அணிப்பட்டியலில் பெயருக்குப் பதிலாக வெறுமனே 'ட்ரையலிஸ்ட்' (சோதனைக்காக ஆட வைக்கப்படுபவர்) என்று அச்சிடப்பட்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் கிடைக்குமா என்று தெரியாமலே லீக் ஆட்டத்தில் இறங்கி, கிடைக்காமலே திரும்பியவர்கள் ஏராளம்.

மேலே போனவர்களைக் கணக்கில் எடுக்காமலும் இருக்க முடியாது. ஆண்டி ராபர்ட்சனை பெரிய கழகமான செல்டிக் சிறுவயதிலேயே விடுவித்தது. 2012-13இல் அவர் நான்காம் நிலையில், சம்பளமே தராத அமெச்சூர் கழகமான குயின்ஸ் பார்க்கில் ஆடினார். 2013இல் டண்டீ யுனைடெட், 2014இல் ஹல் சிட்டி, 2017இல் லிவர்பூல், 2019இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அவருக்கு முன்பு ஜாக் ஸ்டீன், சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிக்கொண்டே எட்டாண்டுகள் அல்பியன் ரோவர்ஸுக்கு ஆடிவிட்டு, வேல்ஸின் லனெல்லி வழியாக 1951இல் செல்டிக்குக்குப் போனார். ஸ்டீன் போகாமல் இருந்திருந்தால் அவருடைய பதிவையும் நாம் 'ஒரே கழகத்தில் தங்கிய பகுதிநேரத் தடுப்பாட்டக்காரர்' என்றுதான் வாசித்திருப்போம். எனவே தங்கியவர்கள் எல்லாரும் தேர்ந்து தங்கியவர்கள் என்று எழுதுவதும், தகுதியின்றித் தங்கியவர்கள் என்று எழுதுவதும் ஒரே அளவு ஊகம்தான்.

நடுக்களம்:

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். நான் பார்த்த பலருக்கும் 2020-21 பருவத்தில் ஆட்ட எண்ணிக்கை திடீரென்று பாதியாகக் குறைந்திருக்கிறது. அத்தனை பேருக்குமா காயம்?

கோல்கம்பம்:

காயமன்று, கொரோனா. 2019-20 பருவம் முடிவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. அடுத்த பருவத்துக்கு லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றுக்கு 27 ஆட்டங்கள் திட்டமிடப்பட்டன; 2021 ஜனவரியில் இரு பிரிவுகளும் இடைநிறுத்தப்பட்டு மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியதால், இறுதியில் 22 ஆட்டங்களாகச் சுருங்கின. ஆகவே அந்த ஆண்டு 20 ஆட்டம் ஆடியவர் ஏறக்குறைய எதையும் தவறவிடாதவர்.

இதே காலத்தில் குயின்ஸ் பார்க் வீரர்கள் சிலரின் பதிவிலும் முறிவு தெரியும். அதற்குக் காரணம் வேறு. 1867இல் தொடங்கி அமெச்சூராகவே இருந்த அந்தக் கழகம் 2019இல் அந்த நிலையைக் கைவிட வாக்களித்து, பின்னர் முழுநேரக் கழகமாகி, 2021இல் லீக் டூவையும் 2022இல் லீக் ஒன்னையும் கடந்து மேலே போனது. ஒரு கழகம் முழுநேரமாக மாறும்போது, பகலில் வேறு வேலை பார்க்கும் வீரர் அந்த வேலையை விட வேண்டும், இல்லையெனில் கழகத்தை விட வேண்டும். நீங்கள் பார்க்கும் வீரர் எந்தக் கழகத்திலிருந்து எந்த ஆண்டு வெளியேறினார் என்பதோடு, அந்த ஆண்டு அந்தக் கழகம் பயிற்சியைப் பகலுக்கு மாற்றியதா என்பதையும் தேடிப் பாருங்கள்.