பெரிய வீட்டுக் குழு: சித்தப்பாவின் தோல்பை

சித்தப்பா: [படம்] செப்டம்பரில் ஃப்ரெண்ட்ஷிப் போகிறேன். அதற்குள் இந்தத் துப்பாக்கிச் சாமான் பையின் கனத்தைப் பாதியாக்க வேண்டும். காட்டுப் பாதையில் ஏறி இறங்கும்போது இடுப்பில் இடித்துக்கொண்டே வருகிறது.

அத்தை: ஃப்ரெண்ட்ஷிப்பா? யார் வீட்டுக்குடா?

சித்தப்பா: ஊர் பேரே அதுதான் அக்கா. இண்டியானாவில் ஒரு சின்ன ஊர். குழல் வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம் 1933-இல் தொடங்கியது, அதன் மைதானம் அங்கேதான் இருக்கிறது.

மாமா: மான் கீன் சுடுகிறாயா?

சித்தப்பா: உயிர் எதுவும் இல்லை மாமா. மரத்தில் இரும்புத் தட்டு தொங்கும், பட்டால் டங் என்று கேட்கும். சில இடத்தில் சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்றை விளிம்பு நம்மைப் பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள். அதை இரண்டாகப் பிளக்க வேண்டும்.

கார்த்தி: பையில் என்னென்ன இருக்கிறது சித்தப்பா?

சித்தப்பா: ஈயக் குண்டு டப்பா, துணி, கொழுப்பு டப்பா, மருந்து அளவுக் குழாய், சக்கிமுக்கிக் கல் நாலைந்து, திருகாணி, சுத்தம் செய்யும் துணி, தண்ணீர் பாட்டில், ஒரு சுத்தியல்…

கார்த்தி: சுத்தியல் எதற்கு??

சித்தப்பா: யாரோ சொன்னார்கள் என்று போட்டேன். அது முதலில் வெளியே போகிறது 😄

சித்தப்பா: குண்டு டப்பாவும் போகிறது. கையளவு பலகையில் துளை போட்டு, துணி சுற்றிய குண்டுகளை அதில் அழுத்தி வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். துளையைக் குழல் வாயில் வைத்து ஒரு தள்ளு, குண்டு இறங்கிவிடும். அளவுக் குழாயை, மருந்து வைக்கும் மாட்டுக்கொம்பின் வாரிலேயே கட்டிவிட்டேன்.

அத்தை: மருந்தைக் கொம்பிலிருந்து நேரே ஊற்றினால் ஆகாதா? ஒரு சாமான் குறையுமே.

சித்தப்பா: அது மட்டும் கூடாது அக்கா. முந்தைய வெடியின் கனல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் கொம்பு முழுக்கக் கையிலேயே வெடிக்கும். அளவுக் குழாயில் இருப்பது 60 கிரெயின், நாலு கிராம்கூட இல்லை. கொம்பை மூடிய பிறகுதான் அதைக் குழலில் கொட்டுவேன்.

அத்தை: இதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வருமா? கண்ணாடி போடுகிறாயா?

சித்தப்பா: கண்ணாடி, காதடைப்பு இரண்டும் உண்டு. இல்லாமல் நான் சுடுவதே இல்லை.

மாமா: எங்கள் ஊரில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார்கள். மருந்து, தேங்காய் நார், ரவை, மறுபடி நார். கோலால் நாலு இடி, அவ்வளவுதான். நீ துணியெல்லாம் சுற்றுகிறாயே?

சித்தப்பா: அது உள்ளே வழவழப்பான குழல் மாமா. இதில் சுருள் வரி வெட்டியிருக்கும். குழல் 0.50 அங்குலம், குண்டு 0.49. நடுவில் இருக்கும் துணிதான் வரியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுகிறது. ஈயம் இரும்பில் படவே படாது. குறி தப்பினால் ஆளாளுக்குப் புதுக் கொம்பு வாங்கு, பொறி தட்டும் புது பூட்டு வாங்கு என்கிறார்கள். நான் முதலில் துணியைத்தான் பார்ப்பேன்.

சித்தப்பா: [படம்] சுட்டபின் பத்துப் பதினைந்து கஜம் முன்னால் விழுந்து கிடந்த துணிகள். இடப்பக்கம் இருப்பது நல்லது: நடுவில் கருவட்டம், சுற்றி வரி பதிந்த தடம், ஓரம் பிரியாமல் இருக்கிறது. வலப்பக்கம் நடுவில் எரிந்து ஓட்டை. துணி மெல்லிசு, இல்லை கொழுப்பு போதவில்லை. வரி வரியாக அறுந்திருந்தால் குழலின் உள்விளிம்பு கூர்.

கார்த்தி: கடையில் வெட்டியே விற்பார்களே?

சித்தப்பா: வட்டமாக வெட்டி எண்ணெய் தடவியே கிடைக்கிறது. நாள்பட்டால் துணி இற்றுப்போகும். அந்த ஓட்டை அப்படி வந்ததுதான். தலையணைக்குப் போடும் கோடு போட்ட கெட்டித் துணிதான் இங்கே எல்லோரும் தேடுவது.

அத்தை: இலவம்பஞ்சு மெத்தைக்குத் தைக்கிற துணியா? அது இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்குமே!

சித்தப்பா: அதேதான்! ஆனால் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். கார்த்தி, ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். சாம்பலானால் பருத்தி. உருகி மணியாக உருண்டால் வேண்டாம், அது குழலுக்குள் ஒட்டும்.

கார்த்தி: கனம்?

சித்தப்பா: அழுத்திப் பிடித்து அளந்தால் 0.45 மி.மீ. பக்கம். துவைத்த பிறகு அள, கஞ்சியோடு அளந்தால் கணக்கு தப்பும்.

மாமா: சரி, மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிட்டால்?

சித்தப்பா: 😅 பேசிக்கொண்டே கிட்டித்தால் யாருக்கும் நடக்கும். அதற்குத்தான் குண்டில் ஏறிக் கடித்து இழுக்கும் அந்தத் திருகாணி. எதைக் குறைத்தாலும் அது பையில் இருக்கும். கோலில் கோடும் போட்டிருக்கிறேன். குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்கார்ந்தால் கோடு குழல் வாய்க்குச் சரியாக நிற்கும். மேலே நின்றால் நடுவில் இடைவெளி, சுடக்கூடாது, குழல் பிளக்கலாம்.

கார்த்தி: தண்ணீர் பாட்டில்?

சித்தப்பா: சின்னதாக்குகிறேன். ஈரக்காற்றில் கரி பிசுபிசுவென்று ஆகிவிடும், இரண்டு வெடிக்கு ஒருமுறையாவது ஈரத்துணி விட்டு எடுக்க வேண்டும். கல்லையும் அது உரசும் இரும்பையும் துடைக்காவிட்டால் பொறியே வராது. முழுக்கழுவல் வீட்டில், வெந்நீரும் சோப்பும். மறுநாளைக்கு விட்டால் துருதான்.

அத்தை: துணி இரண்டு மீட்டர் போதுமா? நானே கஞ்சி போக அலசிக் காயவைத்து அனுப்புகிறேன். கோடு நீலமா, சிவப்பா?

சித்தப்பா: எதுவானாலும் சுட்டால் கருப்புதான் அக்கா.

மாமா: நாலு மீட்டராக வாங்கு. மிச்சத்தில் என் தலையணைக்கு உறை தைத்துக்கொள்ளலாம்.