இரண்டாம் முறை மறைப்பணிக்குத் திரும்புகிறவர்களுக்கு: பாம்பனிலிருந்து ம்வான்சாவுக்கு

கேள்வி: அண்ணன், நான் மண்டபத்தைச் சேர்ந்தவன். தான்சானியாவில் ம்வான்சா பக்கம் ஒரு பங்கில் இரண்டு ஆண்டுகள் பொதுநிலைப் பணியாளனாக இருந்துவிட்டு, அப்பாவின் உடல்நிலைக்காக ஊருக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. விரைவில் மனைவியுடன் திரும்புகிறேன். அவளுக்கு இது முதல் பயணம். எனக்குப் பழகிய இடம்தானே, புதிதாக ஆயத்தம் ஏதும் தேவைப்படுமா?

பதில்: தம்பி, "பழகிய இடம்தானே" என்று நினைத்துப் போய்த்தான் நான் இடறினேன். பாம்பனிலிருந்து புறப்பட்டு அதே விக்டோரியா ஏரிக்கரையில் மூன்று தவணைகள் இருந்தவன் நான். மீனவ இளைஞர்களுக்குப் படகு எஞ்சின் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது என் பணி. முதல் தவணையில் நான் செய்த தவறுகளை அங்குள்ளவர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்தார்கள். இரண்டாம் தவணையில் செய்தவை அவ்வளவு எளிதில் ஆறவில்லை, ஏனென்றால் அவை விவரம் தெரிந்தவன் செய்தவை.

ஓர் ஆண்டு கழித்துப் பட்டறைக்குள் நுழைந்தபோது, என்னிடம் படித்த பையன் அதை நடத்திக்கொண்டிருந்தான். நான் சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்களை அவன் ஒரு பழைய எண்ணெய் டின்னில் போட்டு, படகுக்கே தூக்கிச் செல்லும்படி வைத்திருந்தான். மறுநாள் காலையில் அவன் வருவதற்குள் அத்தனையையும் நான் பழையபடி சுவரில் மாட்டிவிட்டேன். அவன் வந்தான், சுவரைப் பார்த்தான், முறைப்படி "ஷிகமோ" என்று வணக்கம் சொன்னான், பிறகு ஒரு வாரம் வரவேயில்லை. ஏரிக்குள் நின்றுபோகும் படகுக்கு டின் எவ்வளவு உதவும் என்பது, சுவரில் மாட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே நீங்கள் விட்டுவந்த வேலை இப்போது யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே போய் "நான் எதைச் செய்யட்டும்?" என்று கேளுங்கள். நம் ஊரில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம். விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது சுவாஹிலிப் பழமொழி. மண்வெட்டியை அவர்கள் கொடுக்கட்டும், நாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. நீங்கள் இல்லாத ஒன்றரை ஆண்டில் பங்கில் யார் யார் இறந்தார்கள் என்று உபதேசியாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, வீடுவீடாகப் போய் வாருங்கள். நம் பக்கத்தில் துட்டி கேட்பது எப்படியோ, அங்கே "ம்சிபா" அப்படித்தான். இயன்ற சிறு தொகையை "ரம்பிரம்பி" என்று கையில் கொடுப்பது வழக்கம். வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "கரீபு" என்று பதில் வந்த பிறகே நுழைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மனைவிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். நம் அன்பியம்போல அங்கே "ஜுமுயா" என்னும் சிறு கிறிஸ்தவச் சமூகங்கள் வீடுகளில் கூடுகின்றன. கோயிலில் உங்களுக்கு வரவேற்பு வைப்பதற்கு முன்பே உங்கள் பழைய ஜுமுயாவில் பாயில் உட்கார்ந்து செபித்துவிடுவது நல்லது. நேரக் கணக்கையும் நினைவூட்டிக்கொள்ளுங்கள்: அங்கே மணியெண்ணிக்கை விடியலிலிருந்து தொடங்குவதால், ஒருவர் "மூன்று மணிக்கு வாருங்கள்" என்றால் அது நம் காலை ஒன்பது மணி.

உடல்நலத்தில் "பழகிய இடம்" என்ற எண்ணம் ஆபத்தானது. மலேரியா உள்ள இடத்தில் தொடர்ந்து வாழும்போது உடலில் சேரும் ஓரளவு எதிர்ப்பு, ஊரில் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கினால் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. நம் ராமேஸ்வரம் தீவிலும் மலேரியா உண்டுதான், ஆனால் ம்வான்சா பக்கம் மிகுதியாக இருப்பது உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. எனவே உங்கள் மனைவியைப் போலவே நீங்களும் புதியவராகக் கருதி, மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டு, காய்ச்சல் வந்த அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை 2016 முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது என்பதால் உங்கள் பழைய அட்டையைத் தேடி எடுத்தால் போதும். மனைவிக்குப் போடுவதாக இருந்தால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும்.

அனுமதிச் சீட்டில் நான் பட்டது போதும். மறைப்பணியாளருக்கு உரியது 'சி' வகுப்பு வசிப்பு அனுமதி. பழையது புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று ஒரு பயண முகவர் சொன்னதை நம்பி டிக்கெட் எடுத்து, போய் இறங்கிய பிறகு மூன்று வாரம் அலுவலகப் படியேறினேன். மறைமாவட்டத்தின் கடிதமும் அனுமதியும் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். வங்கியில் உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். அங்குள்ள வெளிநாட்டு நண்பர்கள் நம் ஊர்க் கோயில் கட்டட வேலைக்குப் பணம் தருவதாகச் சொன்னால், அதை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு, புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் அது வர வேண்டும்.

சொந்த ஊரிலேயே ஊழியம் செய்யக் கூடாதா என்று உறவினர்கள் கேட்பார்கள். எனக்கு அக்காதான் அதை அதிகம் கேட்டார். ஓரியூர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தவறாமல் போகிறவர் அவர். போர்ச்சுகலிலிருந்து இங்கே மறைப்பணிக்கு வந்த அருளானந்தர் (புனித ஜான் டி பிரிட்டோ) 1687இல் லிஸ்பனுக்குத் திரும்பியபோது, போர்ச்சுகல் அரசர் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவர் இணங்காமல் 1690இல் மீண்டும் இந்தியா வந்தார், மறவர் நாட்டுக்குள், அதாவது நம் ராமநாதபுரம் பக்கம், நுழைந்தால் உயிர் போகும் என்று தெரிந்தே நுழைந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டார். நம் மாவட்டமே ஒருவருக்கு இரண்டாவது வீடாக இருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, ஆனால் பெட்டி கட்ட வந்தார்.

கேள்வி: நன்றி அண்ணன். கருவாடு எடுத்துப் போகலாமா? மனைவி கேட்கிறாள்.

பதில்: வேண்டாம், தங்கச்சியிடம் சொல்லுங்கள். சுகாதாரச் சான்று இல்லாத மீன் பொருள் விமான நிலையத்திலேயே பறிபோகலாம். 2019 ஜூன் முதல் அங்கே பிளாஸ்டிக் கைப்பைகளுக்கும் தடை இருப்பதால், துணிப்பையும் பனையோலைக் கொட்டானுமே உதவும். கொட்டானில் கருப்பட்டி வையுங்கள். குண்டு மிளகாயை முழுதாக அல்லாமல், கடையில் முத்திரையிட்ட தூளாகக் கொண்டுபோங்கள். நிலவில்லாத இரவுகளில் விளக்கு கட்டிப் பிடித்து, காலையில் பெண்கள் கரை மணலில் பரப்பி உலர்த்தும் "டகா" என்ற பொடிமீன் அங்கே சந்தையில் கிடைக்கும், பார்வைக்கு நெத்திலிதான். மணல் போக நான்கு தண்ணீரில் அலசி, நம் மிளகாய்த் தூளும் புளியும் சேர்த்துக் குழம்பு வைத்தால் போதும். முதல் சட்டியை அந்த ஜுமுயா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். காரத்தைக் கொஞ்சம் குறைத்து.