க்ளோடோக் மேல்தளத்தில் இரவுத் தூக்கம்: தஞ்சுங் புட்டிங் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காட்டுப்பாதை

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் கடைசியில் இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் உள்ள தஞ்சுங் புட்டிங் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். குமாயில் க்ளோடோக் என்ற மரப்படகில் ஏறி செகோன்யர் ஆற்றில் மூன்று பகல், இரண்டு இரவு. நான், மனைவி, 63 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

படகுக்காரர் அனுப்பிய படத்தில் மேல்தளத்துக்குக் கூரை மட்டும்தான் இருக்கிறது, பக்கச் சுவர் எதுவும் இல்லை. தளத்தில் மெத்தை போட்டு கொசுவலை கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, தூக்கம் வருமா என்பதுதான் சந்தேகம். கொசு, மழை, குளிர், முதலை எல்லாவற்றையும் யோசித்துக் குழம்பியிருக்கிறேன். கையில் என்ன கொண்டுபோக வேண்டும், படகில் என்ன இருக்கும்? கூடுதலாகப் பணம் கொடுத்தால் ஏசி அறை உள்ள படகும் கிடைக்கிறதாம். அது தேவையா?

---

துடுப்பு

சாமான் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். உங்கள் தூக்கம் பாதிக்கு மேல் படகை எங்கே, எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இருட்டியபின் இதைப் பேசிப் பயனில்லை. அங்கே மாலை ஆறு மணி சுமாருக்கே இருட்டிவிடும். நான்கரை மணிக்கே வழிகாட்டியிடம் "இன்று எங்கே கட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

செகோன்யர் ஒரே மாதிரியான ஆறு இல்லை. குமாய்ப் பக்கம் கழிமுகம்: கரையெல்லாம் நிப்பா பனை, கடல் ஏற்றவற்றம் தெரியும். இங்கே இரவு தங்கினால் மின்மினி பார்க்கலாம், கூடவே கொசுவும் பொடி ஈயும் வரும். பொடி ஈ சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். மேலே போகப் போக நிப்பா குறைந்து, கரையோரம் முள் தாழை வரும். முவாரா அலி என்ற இடத்தில் ஆறு பிரிகிறது. வலது கிளை காம்ப் லீக்கி என்ற ஒராங்குட்டான் ஆய்வு முகாம் பக்கம் போகும். அதன் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் கருப்பாக இருக்கும். கரிக்காட்டுச் சதுப்பில் (மட்கிய தாவரம் படிந்த பீட் நிலம்) மட்கிய இலைகளின் டானினும் அமிலமும்தான் காரணம். சத்துக் குறைந்த அந்த அமிலத் தண்ணீரில் கொசுப்புழு அதிகம் வளராது. அதனால் கருந்தண்ணீர்ப் பகுதியில் கொசு குறைவு. இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்று பகல் பயணம் வழக்கமாக இப்படிப் போகும்: முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கு தஞ்சுங் ஹராப்பானில் ஒராங்குட்டானுக்கு உணவு வைப்பதைப் பார்ப்பது, மறுநாள் காலை 9 மணிக்கு பொண்டோக் தங்குய், பிற்பகல் 2 மணிக்கு காம்ப் லீக்கி. காம்ப் லீக்கி முடிந்ததும் சில படகுகள் இருட்டும்வரை கீழ்நோக்கி ஓட்டிவந்து நிப்பாப் பகுதியில் கட்டும், மூன்றாம் நாள் விமானத்தைப் பிடிக்க வசதி என்று. உங்கள் விமானம் பிற்பகலில் என்றால் இரண்டாம் இரவைக் கருந்தண்ணீரிலேயே வைக்கச் சொல்லுங்கள். காலையில் கிப்பன் (வாலில்லாக் குரங்கு) கூப்பிடுவது அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

கட்டும் விதத்தில் கவனிக்க வேண்டியவை:

கிளைக்கு அடியில் கட்டவே கூடாது. எறும்பு கிளை வழியாகவும் கயிறு வழியாகவும் ஏறிவரும். நீர்மேல் நீட்டிய கிளையில் பாம்பு சுருண்டு கிடப்பதும் உண்டு. இன்னொன்று, நீள்மூக்குக் குரங்குக் கூட்டம் அந்தி நேரத்தில் ஆற்றோர மரங்களுக்கே வந்து தூங்கும். அந்த மரத்தடியில் கட்டினால் விடிவதற்குள் கூரைமேல் என்னென்ன விழும் என்று விளக்கத் தேவையில்லை. எதிர்க்கரையில் கட்டினால் காலையில் படுத்தபடியே பார்க்கலாம்.

ஏற்றவற்றம் உள்ள பகுதியில் கயிற்றுக்குத் தளர்வு விட வேண்டும். இறுக்கிக் கட்டிவிட்டுத் தண்ணீர் வற்றினால் படகு கரையில் உட்கார்ந்து ஒருபக்கம் சாயும். நடு இரவில் மெத்தையோடு சறுக்குவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

மற்ற படகுகளிலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் ஜெனரேட்டரை நிறுத்தினாலும் பக்கத்துப் படகுக்காரர் நிறுத்தமாட்டார்! ஆகஸ்ட்டில் கூட்டம் இருக்கும். படகுத்துறையில் ஐந்தாறு படகுகளை வரிசையாகக் கட்டிவிட்டால் காடும் கேட்காது, ஒன்றும் கேட்காது. அதோடு புகை வேறு. காற்று பின்பக்கத்திலிருந்து வந்தால் ஜெனரேட்டர் புகை நேரே மேல்தளத்துக்குத்தான் வரும். பக்கத் தார்ப்பாயை இறக்கியிருக்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது, புகை உள்ளே தங்கும். எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 9 மணி நியாயமான நேரம்.

---

வலைக்காரன்

துடுப்பு சொன்னது எல்லாம் சரி. வலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

படகில் கொடுக்கும் வலை பெரும்பாலும் நான்கு மூலைப் பெட்டி வலை. கூம்பு வலையைவிட இதுவே மேல். கூம்பு வலை கால்பக்கம் சரிந்து வந்து உடம்பில் ஒட்டும். உடம்பில் ஒட்டிய இடத்தில் கொசு வலைக்கு வெளியே நின்றபடியே கடிக்கும். வலை கிழியாமலேயே கடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முழங்கையிலும் குதிகாலிலும் வாங்குவது இதனால்தான். இரண்டு பேருக்கு ஒரு வலை போதும் என்பார்கள். முடிந்தால் ஆளுக்கு ஒன்று கேளுங்கள்.

கட்டும் முறை: நான்கு மூலைக் கயிறும் மெத்தையின் மூலைக்கு நேர் மேலே இல்லாமல், ஒரு சாண் வெளியே தள்ளி இழுபட வேண்டும். கூரைக் கம்பு அந்த அளவில் இருக்காது. அதற்காக 2 மீட்டர் நைலான் கயிறு நான்கு துண்டு கொண்டுபோங்கள். வலையின் அடி விளிம்பு மெத்தைக்கு அடியில் ஒரு முழம் போக வேண்டும். தரையில் சும்மா தொங்கவிட்டால் ஆற்றுக் காற்று தூக்கிவிடும். ஐந்தரை மணிக்கே செருகி மூடிவிடுங்கள். சாப்பிட்டு முடித்து எட்டு மணிக்குக் கட்டினால், கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கும் கொசுவையும் சேர்த்து உள்ளே வைத்துக் கட்டுகிறோம்.

ஓட்டை பார்ப்பது எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து டார்ச்சை வலையோடு ஒட்டி மெதுவாக நகர்த்த, மற்றவர் வெளியே இருட்டில் நின்று பார்த்தால் கிழிசல் பளிச்சென்று தெரியும். சிறிய ஓட்டைக்கு இருபுறமும் துணி பிளாஸ்திரி. பெரியதற்கு அந்த இடத்தைத் திரட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடலாம், அழகு வேண்டாம்.

விளக்கு விஷயம். வெள்ளை எல்இடி எரிந்தால் ஈசல், வண்டு, விட்டில் எல்லாம் மெத்தைமேல்தான் விழும். சாப்பாட்டு மேசை விளக்கைப் படுக்கும் பக்கத்திலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தலையில் மாட்டும் டார்ச்சில் சிவப்பு ஒளி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மழை: ஆகஸ்ட் வறண்ட பருவம்தான், ஆனாலும் அது மழைக்காடு, எப்போது வேண்டுமானாலும் கொட்டும். பக்கத் தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். அது ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவையுங்கள். பஞ்சு மெத்தை ஒருமுறை நனைந்தால் அந்த ஈரப்பதத்தில் மறுநாளும் காயாது. மெத்தையைத் தளத்தின் நடுவில் போடுங்கள், ஓரத்தில் போட்டால் சாரல் எட்டும். மழை அடிக்காத பக்கத்துத் தார்ப்பாயைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் உள்ளே வெந்துபோவீர்கள்.

குளிர்? படுக்கும்போது வியர்க்கும். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கி வலையும் போர்வையும் ஈரமாகும், அப்போது போர்வை தேடுவீர்கள். ஒரு பருத்திப் போர்வை, முழுக்கைச் சட்டை, காலுறை போதும். ஸ்லீப்பிங் பேக் வேண்டவே வேண்டாம்.

---

மருந்துப்பெட்டி

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. இதை வைத்து நீங்களே முடிவெடுக்காமல் பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் புறப்படுவதற்கு நான்கு வாரம் முன்பே பாருங்கள், முக்கியமாக அம்மா ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளோடு.

கலிமந்தானில் மலேரியா உண்டு. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும், அதாவது நீங்கள் மேல்தளத்தில் இருக்கும் நேரம் முழுக்க. போர்னியோவில் குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோலெசி வகை மலேரியாவும் உண்டு. அது வேகமாக முற்றும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதற்கு மாத்திரை கிடையாது.

தடுப்பு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால்: போவதற்கு 1–2 நாள் முன் தொடங்கி, திரும்பியபின் 4 வாரம் தொடர வேண்டும். பலர் ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் தப்பு. படுக்கப் போகும்போது விழுங்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். காலைச் சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீரில். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் வெந்துவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள், பகலெல்லாம் படகின் முன்பக்கம்தான் உட்காரப் போகிறீர்கள். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பியபின் 7 நாள் போதும், உணவோடு எடுக்க வேண்டும்.

பூசும் மருந்து: டீட் 30 சதவீதம் அல்லது பிகாரிடின் 20 சதவீதம். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும்: கண்ணாடிச் சட்டம், கடிகாரம், பைனாகுலர் ரப்பர் எல்லாம் பிசுபிசுத்துப்போகும். கேமராக்காரர்களுக்குப் பிகாரிடின்தான் சரி. சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து அதன்மேல்.

துணிக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளிக்கலாம். வீட்டிலேயே தெளித்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். படகில் தெளிக்காதீர்கள், அது மீன்களுக்குக் கடும் விஷம்.

திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், சில மாதம் கழித்து வந்தாலும், போர்னியோ போனதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

---

காட்டுப்பாதை

அனைவருக்கும் நன்றி, நிறையத் தெளிந்தது. மூன்று சந்தேகம் பாக்கி. அம்மா இரவில் இரண்டு முறையாவது கழிப்பறை போவார், என்ன செய்வது? கொசுவர்த்திச் சுருள் கொளுத்திவைத்தால் போதாதா? ஏசி அறை பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

துடுப்பு

கழிப்பறை கீழ்த்தளத்தில், பின்பக்கம். மேல்தளத்திலிருந்து இறங்கும் படி செங்குத்தானது, கிட்டத்தட்ட ஏணி. முன்பதிவுக்கு முன் மூன்று கேளுங்கள்: படிக்கு இருபக்கமும் கைப்பிடி உண்டா, உட்காரும் கழிப்பறையா, அதன் வாசல் எவ்வளவு அகலம். படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். படகுக்குப் படகு இது மாறும்.

அம்மாவின் மெத்தையைப் படிக்கு மிக அருகில் போடுங்கள், ஆனால் தலைமாடு படிப்பக்கம் வேண்டாம். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்புறமாக இறங்க வேண்டும். பனியில் பலகை வழுக்கும், வெறுங்காலோடு இறங்கினால்தான் பிடிப்பு. கையில் டார்ச் வேண்டாம், தலையில் மாட்டியது மட்டும். படியின் முதல் பலகையிலும் கடைசிப் பலகையிலும் இருட்டில் ஒளிரும் பட்டையை ஒட்டிவிடலாம். இதெல்லாம் சிரமம் என்றால் கீழ்த்தளத்திலேயே அம்மாவுக்கு இடம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால் அங்கே ஊழியர்கள் தூங்குவார்கள், சமையலும் அங்கேதான், விடிவதற்கு முன்பே பாத்திரச் சத்தம் தொடங்கும்.

முதலை: உப்புநீர் முதலையும் தொமிஸ்தோமா என்ற நீள்மூஞ்சி முதலையும் அந்த ஆற்றில் உண்டு. மேல்தளத்தில் தூங்குகிறவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து எல்லாம் படகின் விளிம்பில்தான்: கை கழுவுவது, காலைத் தொங்கவிடுவது, குளிக்க இறங்குவது. ஆற்றின் மேற்பகுதியில் யாராவது குளிப்பதைப் பார்த்தாலும் நீங்கள் இறங்காதீர்கள்.

---

வலைக்காரன்

சுருள் வேண்டாம். திறந்த தளத்தில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், வேலை செய்யாது. தார்ப்பாயை இறக்கிவிட்டுக் கொளுத்தினால் புகை உங்கள் மூச்சில்தான். பஞ்சு மெத்தை, நைலான் வலை, மரப்படகு, கீழே எரிபொருள். அவற்றுக்கு நடுவே ஒரு நெருப்பை விட்டுவிட்டுத் தூங்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

ஏசி அறையைப் பொறுத்தவரை எனக்குப் பிடிக்காது. ஏசி ஓட ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓட வேண்டும். காலையில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துப்போகும். நீள்மூக்குக் குரங்கு கரையில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் நீங்கள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

---

மருந்துப்பெட்டி

இதில் வலைக்காரனோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் கரிக்காட்டுத் தீயின் புகைமூட்டம் வரும் வருடங்கள் உண்டு. 2015, 2019 இரண்டும் மோசமான வருடங்கள். அப்படி வந்தால் திறந்த தளத்தில் 63 வயதுக்காரர் படுப்பது சரியில்லை. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் அறை உள்ள படகே நல்லது. ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காதடைப்பான் இருக்கிறது. கேமராவை ஜிப் பையில் மூடி வெளியே எடுத்து, வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் வைத்தால் லென்ஸ் பனிக்காது. புறப்படும் வாரத்தில், குமாய்க்குப் பக்கத்து நகரமான பங்கலான் புன்னில் காற்றின் நிலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். படகை மாற்ற முடியாவிட்டாலும் என்95 முகக்கவசம் ஆளுக்கு நாலு எடுத்துவையுங்கள்.

---

துடுப்பு

மருந்துப்பெட்டி சொல்வது சரி. புகை இல்லையென்றால் திறந்த தளம், இருந்தால் அறை. முன்பணம் கட்டுவதற்கு முன் "புகைமூட்டம் என்றால் தேதி மாற்றலாமா?" என்று கேட்டுப் பதிலை வாங்கிவையுங்கள்.

இன்னொன்று. இரவு படுக்கும்முன் பழம், பிஸ்கட், திறந்த பை எதையும் மேல்தளத்தில் விடாதீர்கள். விடியற்காலை நீள்வால் குரங்கு வந்தால் முதலில் பையைத்தான் திறக்கும், அம்மாவின் மாத்திரை டப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.