டைப்பாலஜி: முன்மாதிரியா, முன்னடையாளமா, முன்னச்சா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

பழைய ஏற்பாட்டில் வரும் ஓர் ஆளோ நிகழ்வோ பின்னால் வரும் கிறிஸ்துவின் சாயலை முன்கூட்டியே காட்டுவதாக வாசிப்பதைத்தான் விவிலிய விளக்கத்தில் டைப்பாலஜி என்கிறோம். அந்த ஆளுக்கோ நிகழ்வுக்கோ வழங்கும் 'டைப்' என்ற பெயருக்குத் தமிழில் "முன்மாதிரி" என்றே வைத்துவிடலாம் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். போன ஞாயிறு எங்கள் வேதபாட வகுப்பில் நானும் அதைத்தான் சொன்னேன். "யோனா கிறிஸ்துவுக்கு முன்மாதிரி" என்றதும் ஒரு அம்மா கேட்டார்: "கடவுள் நினிவேக்குப் போ என்றால் யோப்பாவில் கப்பல் ஏறித் தர்ஷீசுக்கு ஓடப் பார்த்தவர் ஆயிற்றே, அவர் எப்படி ஐயா முன்மாதிரி?" அவர் கேட்டது சரிதான். தமிழில் முன்மாதிரி என்றால் பார்த்து நடக்க வேண்டியவர்.

"முன்னறிவிப்பு" என்பதும் பொருந்தாது. மேசியா வருவார் என்று வாயால் சொன்ன ஏசாயா தீர்க்கதரிசிக்குச் சொல்லலாம். யோனா அந்த மேசியாவைப் பற்றி, அதாவது வரவிருந்த கிறிஸ்துவைப் பற்றி, ஒரு வார்த்தை பேசவில்லை. நினிவேயில் அவர் அறிவித்தது எபிரேயத்தில் ஐந்தே சொற்கள். அவருக்கு நேர்ந்ததுதான் செய்தி. "யோனா இரவும் பகலும் மூன்று நாள் ஒரு பெரிய மீனின் வயிற்றில் இருந்ததுபோல" என்று இயேசுவே தம் அடக்கத்தை அதோடு சேர்த்துச் சொல்கிறார் (மத்தேயு 12:40). மீனுக்குள்ளிருந்து யோனா ஜெபிக்கும்போது "பாதாளத்தின் வயிற்றிலிருந்து" என்கிறார். ஆதித் திருச்சபை அந்த வயிற்றைக் கல்லறையாகவே பார்த்தது. ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் 3ஆம் நூற்றாண்டிலிருந்தே யோனா திரும்பத் திரும்ப வருகிறார்: கப்பலிலிருந்து எறியப்படுகிறார், சுருண்ட வாலுள்ள கடல்மிருகம் விழுங்கித் துப்புகிறது, கொடிப்பந்தலின் கீழ் நிம்மதியாகச் சாய்ந்து படுத்திருக்கிறார். இறந்தவரைக் கிடத்திய இடத்தில் உயிர்த்தெழுதலைச் சொல்ல அவர்களுக்கு இந்த ஒரு படம் போதுமாக இருந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். மூலம் கிரேக்கத்தின் 'டூபோஸ்'. அடித்ததால் விழுந்த தடம். நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு இதை இடத்துக்கு இடம் மாற்றியிருக்கிறது. ரோமர் 5:14இல் ஆதாம் "முன்னடையாளமானவன்", 1 கொரிந்தியர் 10:6இல் "திருஷ்டாந்தங்கள்", யோவான் 20:25இல் தோமா பார்க்கக் கேட்கும் ஆணிக் "காயம்". மூன்றும் ஒரே சொல்! முன்னடையாளம் நல்ல சொல், பழகிய சொல். ஆனால் "யோனா தீர்க்கதரிசியின் அடையாளம்" என்ற இடத்தில் இருப்பது 'செமெயோன்', அது வேறு சொல். யோனாவைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். "வகையியல்" மொழியியலுக்கும் தொல்லியலுக்கும் போய்விட்டது.

என் பரிந்துரை: முன்னச்சு. அது முன்கூட்டிக் காட்டியது பின்னால் நிறைவேறும்போது, அந்த நிறைவேற்றத்துக்கு வார்ப்பு. அச்சு வெல்லம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மரப்பலகையில் குழி, குழியில் பாகு, ஆறியதும் கவிழ்த்தால் குழியின் வடிவத்திலேயே வெல்லம். வடிவம் அச்சினுடையது, இனிப்பு வார்ப்பினுடையது. அச்சைவிட வார்ப்பு மேலானது என்பதால், "யோனாவிலும் பெரியவர் இங்கே இருக்கிறார்" என்ற வசனத்துக்கும் இது இடம் தருகிறது.

ஒரு தயக்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. யூதர்கள் யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாளின் பிற்பகலில் யோனா நூலை வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அது மனந்திரும்புதலின் நூல். 'அச்சு' என்றால் அந்த நூலுக்குத் தனக்கென்று ஒன்றுமில்லை, வெறும் குழி என்று ஆகிவிடுமோ? அதனால்தான் 'முன்' சேர்த்தேன். இது கிறிஸ்தவர் பின்னாலிருந்து திரும்பிப் பார்க்கும் பார்வை என்பது சொல்லிலேயே தெரியட்டும்.

அவசரமும் வேண்டாம். யோனாவுக்கு நிழல் தந்த செடியைச் சுரை என்றே கேட்டுப் பழகியவர்கள், ஜெரோம் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் அதை ஐவி என்ற கொடியாக மாற்றியதும், இன்று லிபியாவின் திரிப்போலியாக இருக்கும் ஊரில் ஆலயத்துக்குள்ளேயே கொந்தளித்தார்கள் என்று ஆயர் அகுஸ்தீனார் ஜெரோமுக்கே எழுதினார். (நம் மொழிபெயர்ப்பில் ஆமணக்கு, எபிரேயத்துக்கு அதுதான் நெருக்கம்.) ஆகவே கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் வரும் ஞாயிறு அந்த அம்மாவிடம் முன்னச்சைச் சொல்லிப் பார்க்கிறேன். அதற்குள் 'வார்ப்பு'க்கு மேலான சொல் தோன்றினால் எழுதுங்கள்.